படம் ஏன் மங்குகிறது? லேசர் நிறை நிறமாலைப் படமாக்கலில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அந்த மரங்களின் வேரிலும் அடித்தண்டிலும் கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சை நுழைந்தால் அடித்தண்டு அழுகல் நோய் வருகிறது. பூஞ்சை இழையின் தடிமன் சில மைக்ரோமீட்டர். வேர்ப் புறணிச் செல்லின் அகலம் சில பத்து மைக்ரோமீட்டர். லேசரை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் என்ற பொருளைத் திசுவின் மேல் பூசி, லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, கிளம்பும் அயனிகளின் நிறையை அளந்து படம் வரைவதுதான் மால்டி படமாக்கல். எந்தச் செல்லில் எந்த வேதிப்பொருள் சேர்கிறது என்பதை அதில் பார்க்க விரும்பும் ஒருவருக்கு 50 மைக்ரோமீட்டர் பிக்சல் போதாது. 10 வேண்டும், முடிந்தால் 5. தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தோட்டத்தில் வேரைத் தோண்டி எடுப்பதும், உறையவைத்துச் சீவுவதும் இந்த ஊரில்; அளக்கும் கருவியோ கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில், சில மணி நேரச் சாலைப் பயணத்துக்கு அப்பால். படம் மங்கலாக வந்தால் இங்கிருப்பவர் கருவியைக் குறை சொல்வார், அங்கிருப்பவர் சீவலைக் குறை சொல்வார். பெரும்பாலும் அங்கிருப்பவர் சொல்வதே சரி என்பது என் எண்ணம். கூர்மை லேசரின் கீழே தொலைவதைவிட, ஸ்லைடு லேசரைக் காண்பதற்கு முன்பே தொலைவதுதான் அதிகம். அதனால் பிக்சலைச் சிறிதாக்கும் யோசனையைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். மங்கிய படத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அயனி மங்குகிறது? எந்தத் திசையில் மங்குகிறது? படத்தின் எந்த இடத்திலிருந்து மங்கத் தொடங்குகிறது?

எல்லா அயனிகளும் ஒரே அளவில் மங்கினால்

மேட்ரிக்ஸின் சொந்த அயனி உட்பட எல்லாமே மங்கலாக இருந்தால் மட்டும் லேசரைச் சந்தேகியுங்கள். ஆனால் மேட்ரிக்ஸ் ஸ்லைடு முழுவதும் படிந்திருக்கிறதே, அதன் கூர்மையை எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். மேட்ரிக்ஸ் படியவைக்கும்போது, திசு இல்லாத ஒரு மூலையில் மின்னணு நுண்ணோக்கிக்குப் பயன்படும் செப்பு வலைத்தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். பிறகு அதை எடுத்தால் கம்பிகளின் நிழல் வெற்றிடமாக நிற்கும். அந்த மூலையையும் சேர்த்து அளவெடுங்கள். விளிம்பைக் கடக்கும்போது அயனிச் செறிவு 16 விழுக்காட்டிலிருந்து 84 விழுக்காட்டுக்கு ஏற எவ்வளவு தூரம் ஆகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கருவி அன்றைக்குத் தரும் உண்மையான கூர்மை. விற்பனைக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அடுத்த இடம்தான்.

அந்தத் தூரம் பெரிதாக இருந்தால், மெல்லிய மேட்ரிக்ஸ் படலத்தின் மேல் தனித்தனியாகச் சில லேசர் வெடிப்புகள் கொடுத்து, எரிந்த தடத்தை ஒளி நுண்ணோக்கியில் அளவிடுங்கள். தடம் நீள்வட்டமாக இருந்தால் பதற வேண்டாம். லேசர் சாய்வாக வந்து விழும் கருவிகளில் அது இயல்பு. 45 டிகிரி சாய்வில் ஒரு அச்சு மற்றதைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு நீளும். தடம் வட்டமாகவும் இல்லாமல் நீள்வட்டமாகவும் இல்லாமல் வால் முளைத்தாற்போல் இருந்தால் கண்ணாடியோ வில்லையோ கோணம் தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்வது கருவிப் பொறியாளரின் வேலை. திருகாணியில் கை வைக்காதீர்கள்.

தடம் ஒழுங்காக, ஆனால் அகலமாக இருந்தால் முதலில் லேசர் ஆற்றலைக் குறைத்துப் பாருங்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கற்றையின் செறிவு நடுவில் மிகுந்தும் ஓரத்தில் தேய்ந்தும் இருக்கிறது. பொருள் பெயர்வதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அந்த வரம்பைத் தாண்டிய பகுதி மட்டுமே பள்ளமாகும். ஆகவே பள்ளத்தின் அகலத்தைக் கற்றையும் ஆற்றலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கற்றையின் ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வரம்பைப் போல 1.5 மடங்கு ஆற்றலில் பள்ளம் சுமார் 9 மைக்ரோமீட்டர் அகலம். 3 மடங்கில் சுமார் 15. 6 மடங்கில் சுமார் 19. சமிக்ஞை போதவில்லை என்று ஆற்றலை ஏற்றிக்கொண்டே போகிறவர், தன் கையாலேயே படத்தை மங்கவைக்கிறார்.

ஆற்றலைக் குறைத்தும் தடம் சுருங்கவில்லை என்றால் குவியத்தையும் வில்லையையும் பார்க்க வேண்டும். குவிந்த கற்றையின் ஆரத்துக்கு இயற்பியல் ஒரு தரை போட்டிருக்கிறது: அலைநீளத்தை 0.61 ஆல் பெருக்கி, வில்லையின் எண் துளையால் (வில்லை எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதைக் காட்டும் எண்) வகுத்தால் வருவது அது. 355 நானோமீட்டர் லேசருக்கும் 0.1 எண் துளைக்கும் சுமார் 2.2 மைக்ரோமீட்டர். பழைய நைட்ரஜன் லேசரின் 337 நானோமீட்டருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எண் துளை பெரிதானால் இந்தத் தரையும் இறங்கும்; அதற்கு அருகில் போவது முடியாத காரியமும் இல்லை. 2017இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகக் குழு வளிமண்டல அழுத்தத்திலேயே 1.4 மைக்ரோமீட்டரை எட்டியது. 2019இல் மியூன்ஸ்டர் குழு, ஸ்லைடின் பின்புறமிருந்து லேசரைச் செலுத்தி 600 நானோமீட்டர் வரை இறங்கியது. வில்லையைத் திசுவுக்கு மிக நெருக்கமாக வைக்க முடிவதுதான் பின்புற வழியின் ஆதாயம்.

மேட்ரிக்ஸ் கூர்மையாக, திசு அயனி மட்டும் கசிந்தால்

இங்கே வரும் மங்கலான படங்களில் பெரும்பங்கு இந்த வகை. வலைத்தட்டு விளிம்பு கச்சிதமாக இருக்கும். வேரின் சர்க்கரையோ கரிம அமிலமோ திசுவின் எல்லையைத் தாண்டி வெளியே ஒளிவட்டம் போலப் பரவியிருக்கும். ஈரத் தரையில் போட்ட மாக்கோலம் எப்படி விளிம்பு கரைந்து போகுமோ, அதே கதைதான். லேசரை எவ்வளவு கூர்மையாக்கினாலும் கரைந்துபோன எல்லை திரும்பி வராது.

திசுவுக்கு வெளியே, வெற்றுக் கண்ணாடியின் மேல் அந்த அயனி எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த வகை அயனி நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீரில் கரையும் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் ஆகியவை நகர்ந்து, கொழுப்புகள் இடத்திலேயே இருந்தால் குற்றவாளி தண்ணீர். கொழுப்புகள் நகர்ந்து சர்க்கரை இடத்தில் இருந்தால் மேட்ரிக்ஸ் தெளிப்பில் கலந்த மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானைப் பிடியுங்கள். இரண்டும் நகர்ந்திருந்தால் தெளிப்பு மிதமிஞ்சி நனைத்திருக்கிறது.

தண்ணீர் என்றால் உடனே தெளிப்பானைத் திட்டாதீர்கள். நம் ஊரில் தண்ணீர் காற்றிலிருந்தே வருகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் அறையில் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் நீர் படியும். உறைந்த திசுவைச் சீவும் குளிர்க்கருவியான கிரையோஸ்டாட்டிலிருந்து உறைநிலைக்குக் கீழே இருக்கும் ஸ்லைடை வெளியே எடுத்த நொடியே அதன் மேல் பனி பூக்கிறது. அது உருகும்போது செல்லுக்குள் இருந்த சர்க்கரை செல்லுக்கு வெளியே போய்விடுகிறது. குளிர்சாதனம் ஓடும் அறை இதைக் குறைக்கும், நீக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுத்த படங்கள் மட்டும் மங்கலாக இருக்கின்றன என்றால், வேறு காரணம் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது, ஒழுங்குதான் கடினம். சீவலை ஸ்லைடில் ஏற்றியதும் கிரையோஸ்டாட் அறைக்குள்ளேயே, ஏற்கெனவே குளிரவைத்த மூடியுள்ள பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். மூடிய பெட்டியை நேராக வெற்றிட உலர்த்திக்குள் கொண்டுபோய், பம்பு ஓடத் தொடங்கிய பிறகே மூடி தளர வேண்டும். ஸ்லைடு அறை வெப்பத்துக்கு வரும்வரை காற்றைக் காட்டாதீர்கள். உலர்த்தியில் போடும் சிலிக்கா ஜெல் நிறம் மாறிவிட்டதா என்பதை வேலை தொடங்கும்போது பாருங்கள். இந்த ஊர்க் காற்றில் அது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும்.

தெளிப்புதான் காரணம் என்று தெரிந்தால், ஓட்டத்தைக் குறைத்து, முனையின் வேகத்தைக் கூட்டி, பூச்சுகளின் எண்ணிக்கையை அதிகமாக்குங்கள். அடுத்த பூச்சு வருவதற்குள் முந்தைய பூச்சின் பளபளப்பு முற்றிலும் மறைந்திருக்க வேண்டும். இன்னும் நல்லது, தெளிப்பையே விட்டுவிட்டுப் பதங்கமாதலுக்கு மாறுவது. வெற்றிடக் கலத்தின் அடியில் டிஎச்பி (டைஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலம் என்ற மேட்ரிக்ஸ்) தூளைச் சூடாக்கி, மேலே குளிர்ந்த தட்டில் தலைகீழாக ஒட்டிய திசுவின் மேல் படியவைக்கும் இந்த முறையை 2007இல் மர்ஃபியின் குழு வெளியிட்டது. கரைப்பானே இல்லாததால் கசிவதற்கு வழியில்லை. படிகங்களும் மிக நுண்ணியவை. ஆனால் கரைப்பான் இல்லாததால் திசுவுக்குள்ளிருந்து பொருளை வெளியே இழுக்கும் வேலையும் குறைகிறது. புரதம் தேடுபவருக்கு அது பெரிய இழப்பு. பதங்கமாக்கிய பிறகு மூடிய கலத்தில் நீராவியும் அசிட்டிக் அமில ஆவியும் பட வைத்து மறுபடிகமாக்கலாம். சில நிமிடங்கள் கூடிவிட்டால் விரட்டிய கசிவு பின்வாசல் வழியாக வந்துவிடும். சிறு மூலக்கூறு தேடுபவர்கள் இதை முயலவே வேண்டாம் என்பேன்.

செம்பனைப் பழத்தின் சதைப்பகுதியைச் சீவுபவர்களுக்குத் தனியாக ஒன்று. செம்பனை எண்ணெய் சுமார் 35 டிகிரியில்தான் முழுவதும் உருகும். ஆனால் அதற்குக் கீழேயும் அதன் ஒரு பகுதி திரவமாகவே இருக்கிறது. ஸ்லைடை மேசையில் வைத்து மதிய உணவுக்குப் போய் வந்தால், யாரும் எதையும் தெளிக்காமலேயே எண்ணெய் கண்ணாடியில் ஊர்ந்திருக்கும். இந்தத் திசுவை உலர்ந்தபின்னும் குளிரிலேயே வைத்திருங்கள்.

கசிவு ஒரே பக்கமாக இருந்தால்

எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவது ஈரம். ஒரே பக்கம் இழுபடுவது இயக்கம். இந்த வேலையில் நகரும் பொருள்கள் மூன்று: கத்தி, தெளிப்பு முனை, ஸ்லைடைத் தாங்கும் மேசை. எது என்று கண்டுபிடிக்க, அடுத்த சீவலை ஸ்லைடில் 90 டிகிரி திருப்பி ஒட்டுங்கள். இழுவையும் திசுவோடு சேர்ந்து திரும்பினால் கத்தி. திரும்பவில்லையென்றால், தெளித்து முடித்த ஸ்லைடைக் கருவியில் 90 டிகிரி திருப்பி வைத்து அளவெடுங்கள். இழுவை ஸ்லைடோடு திரும்பினால் தெளிப்பான். மேசை நகரும் திசையிலேயே நின்றால் கருவி.

செம்பனைத் திசுவில் கத்திக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பனைக் குடும்பத் தாவரங்களின் திசுவில் மணல்போன்ற சிலிக்கா துகள்கள் உண்டு; அவை கத்தியின் விளிம்பைப் பல் பல்லாக்கிவிடும். படத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் கத்தியைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சீவுங்கள். கீறல் இடம் மாறினால் பிளேடை மாற்ற வேண்டியதுதான். திசுவைத் தாங்க ஜெலட்டினோ சிஎம்சியோ (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) போதும். மருத்துவமனைகளில் புழங்கும் பாலிமர்க் கலவையில் முழுவதும் புதைக்காதீர்கள். கத்தி அதையும் திசுவின் மேல் இழுத்துப் பூசும், அதன் அயனிகள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

படம் கூர்மையாக, ஆனால் மொசைக் போலப் புள்ளி புள்ளியாக இருந்தால்

அருகருகே உள்ள பிக்சல்கள் காரணமில்லாமல் ஏறி இறங்கினால், ஸ்லைடை நுண்ணோக்கியில் பாருங்கள். டிஎச்பியைத் தெளித்தால் ஊசி ஊசியாகப் பெரிய படிகங்கள் வளரும். படிகம் 30 மைக்ரோமீட்டர், பிக்சல் 10 என்றால் நீங்கள் படமெடுப்பது திசுவை அல்ல, படிகத்தை. பதங்கமாதலுக்கு மாறினால் இது ஒரே நாளில் தீரும். மொத்த அயனிச் செறிவால் வகுத்துச் சமன்செய்யும் மென்பொருள் வசதி இந்தக் குறையை மறைக்கும், தீர்க்காது.

பிக்சலைக் குறைத்ததும் படமே காணாமல் போனால்

கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. 50 மைக்ரோமீட்டரிலிருந்து 10க்கு இறங்கினால் ஒரு பிக்சலின் பரப்பு 25இல் ஒரு பங்கு. அதிலிருக்கும் மூலக்கூறும் 25இல் ஒரு பங்குதான். நேரமும் அதே விகிதத்தில் ஏறும்: 10 மில்லிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் பரப்பை 50இல் எடுத்தால் 40,000 பிக்சல், 10இல் எடுத்தால் 10 லட்சம். நொடிக்கு 10 பிக்சல் ஓடும் கருவியில் முதலாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டாவது ஏறக்குறைய 28 மணி நேரம். வேர் முழுவதையும் 10இல் எடுக்க ஆசைப்படாதீர்கள். 50இல் ஒரு பார்வை எடுத்து, நோய் எல்லை தெரியும் சிறு சதுரத்தை மட்டும் 10இல் எடுங்கள்.

சமிக்ஞையை மீட்க, ஆற்றலை ஏற்றாமல், பிக்சலுக்கு விழும் வெடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து சுட்டு, எத்தனையாவது வெடிப்பில் அயனி வற்றுகிறது என்று பார்த்தால் உச்சவரம்பு தெரிந்துவிடும். எதிர்மின் அயனிகளை அளக்கும் முறையில் கொழுப்பு தேடுபவர்கள் மேட்ரிக்ஸுக்கு முன் குளிர்ந்த அமோனியம் ஃபார்மேட் கரைசலில் சில நொடி கழுவினால் உப்பு நீங்கிச் சமிக்ஞை ஏறும். ஆனால் சர்க்கரை தேடுபவர் கழுவினால் தேடும் பொருளே சாக்கடைக்குப் போய்விடும். வசதியுள்ள இடங்களில் 2015இல் அறிமுகமான மால்டி-2 இருக்கிறது. முதல் லேசர் கிளப்பிய புகையை இரண்டாவது லேசர் மீண்டும் அயனியாக்குகிறது. பல கொழுப்பு வகைகளுக்கு இது பெரிய கை கொடுக்கும்.

லேசர் தடம் 20 மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்க மறுக்கும் பழைய கருவியில், மேசையை 10 மைக்ரோமீட்டர் மட்டும் நகர்த்தும் தந்திரம் ஒன்று உண்டு. 2005இல் ஸ்வீட்லர் குழு விளக்கியது. ஒவ்வொரு இடத்திலும் மேட்ரிக்ஸ் முழுவதும் தீரும்வரை சுட வேண்டும். அப்போது அடுத்த நகர்வில் புதிதாக அகப்படும் பிறையளவு பரப்பிலிருந்து மட்டுமே அயனி வரும். மேட்ரிக்ஸ் மிச்சமிருந்தால் அண்டைப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்து, முன்பைவிட மோசமாக மங்கும். முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் மற்றவற்றைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் தந்திரம் சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

வரிகள் ரம்பப் பல் போல விலகினால்

மேசை ஒரு வரியில் இடமிருந்து வலமும் அடுத்த வரியில் வலமிருந்து இடமும் போகிறது. திரும்பும்போது பல்சக்கரத்தின் தளர்வு ஒற்றைவரிகளையும் இரட்டைவரிகளையும் விலக்குகிறது. ஒரே திசையில் மட்டும் அளக்கும்படி மாற்றுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், ரம்பம் மறையும்.

ஒரு மூலை கூர்மை, எதிர் மூலை மங்கல்

ஸ்லைடு சாய்ந்திருக்கிறது, அல்லது திசு சுருண்டு எழும்பியிருக்கிறது. குவிய ஆழம் ஏறக்குறைய அலைநீளத்தை எண் துளையின் வர்க்கத்தால் வகுத்த அளவு: 0.1 எண் துளைக்கு சுமார் 35 மைக்ரோமீட்டர். அதற்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் எங்காவது மங்கியே தீரும். தாங்கியில் ஸ்லைடின் நான்கு மூலைகளிலும் உயரத்தைப் பாருங்கள். இருபக்க ஒட்டு நாடாவில் ஒட்டிய தடித்த சீவல்கள் இந்தக் குறையின் நிரந்தர விருந்தாளிகள். மெல்லியதாகச் சீவ முடியாத இலைகளுக்கு நாடாவைத் தவிர வழியில்லை என்றால், குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். கூர்மையைப் பற்றிய எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

மேலே நன்றாகத் தொடங்கி, கீழே போகப் போக மங்கினால்

நீண்ட ஓட்டத்தில் ஏதோ மாறிக்கொண்டிருக்கிறது. டைஹைட்ராக்ஸிஅசிட்டோஃபீனோன் வகை மேட்ரிக்ஸ்கள் வெற்றிடத்தில் மணிக்கணக்கில் ஆவியாகிவிடும். டிஎச்பி அவற்றைவிடப் பொறுமைசாலி. மேட்ரிக்ஸை மாற்றியும் அப்படியே இருந்தால், அயனி மூலத்தின் தட்டில் படிந்த அழுக்கைப் பாருங்கள். இரவில் அறைக் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். வெப்பம் மாறினால் குவியமும் நகரும்.

செல்களின் நடுவே ஓட்டைகள் தெரிந்தால்

தேனடை போன்ற வெற்றிடங்கள் பனிக்கட்டிப் படிகங்களின் தடம். வேர் மெதுவாக உறைந்திருக்கிறது. தோட்டத்திலேயே உறையவைப்பது நல்லதுதான். ஆனால் திசுவைத் திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் அதைச் சுற்றி ஆவிப் போர்வை உருவாகி உறைதல் தாமதமாகும். உலர்பனியில் குளிரவைத்த ஐசோபென்டேனில் சிறு துண்டாக முக்குங்கள். ஐசோபென்டேன் பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்கும் என்பதால், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

அங்கே தயாரித்தால் கூர்மை, இங்கே தயாரித்து அனுப்பினால் மங்கல்

அடுத்தடுத்த சீவல்கள் இரண்டை எடுத்து, ஒன்றுக்கு இங்கே மேட்ரிக்ஸ் பூசி அனுப்புங்கள். மற்றதை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் வெற்றிடப் பையில் அடைத்து அனுப்பி, கருவிக்குப் பக்கத்திலேயே பூசச் சொல்லுங்கள். இரண்டாவது கூர்மையாக வந்தால் பயணத்தில் மேட்ரிக்ஸ் ஈரம் குடித்திருக்கிறது. இனி அந்த வழியே போகலாம். இரண்டுமே மங்கினால் கோளாறு உலர்த்தும் இடத்தில். பெறுபவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: உலர்பனியிலிருந்து எடுத்த பையை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. காரில் உலர்பனி ஏற்றிப் போகிறவர் சன்னலைச் சற்றுத் திறந்துவைக்கட்டும்; அது ஆவியாகி நிறைவது கார்பன் டை ஆக்சைடு.

படம் நம்ப முடியாத அளவுக்கு வழவழப்பாக இருந்தால்

மென்பொருளில், பிக்சல்களுக்கு இடையே அளக்காத மதிப்புகளை இடைச்செருகும் வசதி இயங்குகிறது. அதை அணைத்துவிட்டு, சதுரம் சதுரமான அசல் பிக்சல்களைப் பாருங்கள். பூஞ்சை இழை என்று நினைத்த கோடு ஒற்றைப் பிக்சல் அகலத்தில் நின்றால், அடுத்த சீவலிலும் அதே இடத்தில் தெரிகிறதா என்று பார்க்காமல் ஆய்வுக் கட்டுரையில் போடாதீர்கள்.